கைப்பிள்ளையோடு மறுபடியும் நாலு மாசம்

எங்கள் தெருவில் ஒரு பெண். வயது 23. இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. போன வாரம் என் வீட்டு வாசப்படியில் உட்கார்ந்து, "அக்கா, வயித்துக்குள்ள என்னமோ நெளியுது" என்றாள். ஸ்கேன் எடுத்தால் 18 வாரம்.

ஆஸ்பத்திரியில் முதலில் வந்த கேள்வி: "இவ்வளவு நாளா என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்த?" புருஷனும் பக்கத்தில்தான் நின்றான். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அடிவயிறு எரிந்தது.

பிரசவத்துக்கு அப்புறம் அவளுக்கு மாதவிலக்கே வரவில்லை. நாள் தள்ளிப்போனது எப்படித் தெரியும்? "பால் குடுக்கிற வரைக்கும் தங்காது" என்று மாமியார் சொன்னதை நம்பியிருந்தாள். அதில் பாதிதான் உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, விலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. இவள் நாலாம் மாதமே புட்டிப்பால் ஆரம்பித்துவிட்டாள். முதல் விலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம் என்பதை அவளுக்கு யாருமே சொல்லவில்லை.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "பச்சை உடம்புல கண்டதையும் வைக்காதே" என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். ஆணுறை அவனுக்குப் பிடிக்கவில்லையாம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கும் ‘சாயா’ என்ற கருத்தடை மாத்திரையைப் பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிடலாம். அந்தப் பெயரையே அவள் என்னிடம்தான் முதன்முதலில் கேட்டாள்.

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இங்கே மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சரி, கல்யாணத்துக்கும் அந்த ஆபரேஷனுக்கும் நடுவில் இருக்கிற வருடங்களில் ஒரு பெண் என்ன செய்வாள்? அதைப் பற்றிப் பேச நம் வீடுகளில் யாருக்கும் வாய் வருவதில்லை.

உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் வைக்கிறதில்லம்மா" என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். அங்கே நிற்கிற நாலு பேர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் நின்றிருக்கிறேன். இன்னொரு கடைக்குப் போகக் கால் எழாது.

கருக்கலைப்பு பற்றி விசாரித்தபோது புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். 1971 கருக்கலைப்புச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கடைசியில் பெற்றுக்கொள்வது என்று அவளேதான் முடிவெடுத்தாள். ஆனாலும் ‘புருஷன் கையெழுத்து’ என்ற அந்த ஒரு வார்த்தைக்கே எத்தனை பெண்கள் திரும்பிப் போயிருப்பார்கள்!

நேற்று சாயங்காலம் அவனைப் பிடித்து உட்கார வைத்துப் பேசினேன். மூட்டை தூக்குகிற வேலை. "ஆம்பளைக்கு ஆபரேஷன் பண்ணா வெயிட்டு தூக்க முடியாதாமே அக்கா?" என்றான். கத்தி வைப்பதில்லை, தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், சில நாள் மட்டும் பாரம் தூக்காமல் இருந்தால் போதும், மூன்று மாதத்துக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நர்ஸம்மாகிட்ட நீங்களும் கூட வர்றீங்களா?" என்று கேட்டான். திங்கட்கிழமை போகிறோம்.