பலகையை மட்டும் பார்க்காதீர்கள்
சர்வதேசப் பள்ளிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'சர்வதேசப் பாடத்திட்டம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். பத்தாம் வகுப்பு அளவிலான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ வேறு, பிளஸ் 1, பிளஸ் 2-க்கு இணையான ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) டிப்ளமா வேறு. முன்னதில் பாடத்துக்குப் பாடம் தனித்தனி கிரேடு, அவ்வளவுதான். 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐபியில் ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி. மாணவரே ஒரு கேள்வியை எடுத்து ஆய்ந்து எழுதும் நீள்கட்டுரைக்கும், ஒன்றை எப்படி அறிகிறோம் என்று யோசிக்க வைக்கும் 'அறிவுக் கோட்பாடு' என்ற பாடத்துக்கும் சேர்த்து 3. ஆக 45.

அந்த 4,000 சொல் நீள்கட்டுரை இருக்கிறதே, ஆளைப் புரட்டி எடுத்துவிடும். என் மகள் தலைப்பையே மூன்று தடவை மாற்றினாள். "இதற்கு விடையை எங்கே, எப்படித் தேடுவாய்?" என்று ஆசிரியை கேட்டதும் பேய்முழி முழித்தாளாம். பத்து வருஷம் மனப்பாடத்திலேயே ஓட்டிய பிள்ளை, பாவம். கடைசியில் அவள் உருப்படியாகக் கற்றதும் அதில்தான்.

ஆனால் அதே பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் நடுவில் கிளம்பிவிட்டார். அடுத்தவர் வர இரண்டு மாதம். பாடத்திட்டம் உசத்தியாக இருந்து என்ன பயன்? சேர்க்கும் முன் ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள், நீச்சல்குளத்தை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று: ஐபி அமைப்பின் அங்கீகாரத்துக்குக் காத்திருக்கும் பள்ளிகளும் ஐபி பெயரைச் சொல்லும். அங்கீகாரம் வரும்வரை டிப்ளமா நடத்த முடியாது. ஐபியின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினாலே தெரிந்துவிடும்.