பாம்பனில் பனி பெய்ய வைக்கிறவர்களுக்கு

கிறிஸ்மஸ் நெருங்கினால் போதும், எங்கள் வீட்டு முன்னறையைத் திருத்துவதற்கென்றே சொந்தபந்தம் கிளம்பி வந்துவிடுகிறது. இந்த வருஷம் எல்லோர் வாயிலும் ஒரே சொல், ‘தீம்’. வெள்ளையும் தங்கமும் என்றால் வெள்ளையும் தங்கமும் மட்டும்தானாம். நடுவில் ஒரு சிவப்புப் பந்து தொங்கினால் ஆகாதாம். யாருக்கு ஆகாது? ஸ்டேட்டஸ் பார்க்கிறவர்களுக்கு ஆகாதாம்!

பாம்பனில் டிசம்பர் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களா இவர்கள்? வாடை அடிக்கிறது, கடல் கொந்தளிக்கிறது, உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிறது. இதில் காசைக் கொட்டி வாங்கிய சீரியல் லைட் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்தால் பிளக்கில் பச்சை பூத்திருக்கும். பாதிச் சரம் எரியும், பாதி எரியாது. என் வீட்டுக்காரர் கிழிந்த வலையைச் சரி பார்ப்பதை விட்டுவிட்டு பல்ப் பல்பாகத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போதாததற்கு, குடிலின் மேல் தெர்மாகோலைத் துருவித் தூவி ‘ஸ்னோ’ என்கிறார்கள். ஃபேன் போட்டால் அந்த ஸ்னோ அடுப்படி வரை வந்து மீன் குழம்பில் மிதக்கிறது.

சரி, இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என் ஓரகத்தி செய்த வேலை. சென்னையிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மரமும் முழு செட்டும் வாங்கி வந்தாள். எங்கள் குடில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னக்கா இது, பழைய சாமான் கடை மாதிரி இருக்கு” என்றாள். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலைப் பூசைக்குப் போய்த் திரும்பி வருகிறேன், தெருமுனையில் பழைய பேப்பர், இரும்பு எடுக்கிற தள்ளுவண்டியில் எங்கள் பெட்டி உட்கார்ந்திருக்கிறது! நல்லவேளை, வண்டிக்காரத் தம்பி இன்னும் எடை போடவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே எதுவும் கேட்காமல் இறக்கிக் கொடுத்துவிட்டார். அவருக்குப் புரிந்தது வீட்டுக்குள் இருந்தவளுக்குப் புரியவில்லை.

அந்தப் பெட்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. என் மாமியாருக்கு அவர் மாமியார் கொடுத்தது. அதாவது இவள் புருஷனுக்கும் அப்பத்தாதான். அந்த அப்பத்தா வாழ்ந்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பரில், கிறிஸ்மஸுக்கு முன்னால் வர்ணம் பூசி வாங்கலாம் என்று குழந்தை இயேசு சொரூபத்தையும் ஒரு கழுதையையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தங்கச்சிமடத்தில் தாய்வீட்டுக்கு வந்திருந்தார். 22ஆம் தேதி ராத்திரி புயல் அடித்து, விடிவதற்குள் தனுஷ்கோடி போய்விட்டது. நூறு பேருக்கு மேல் இருந்த ரயிலையே கடல் கொண்டுபோன ராத்திரி அது. மாதாவும் அவர் கணவர் சூசையப்பரும் குழந்தையைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களும் வீட்டோடு போனார்கள். மிஞ்சியது வர்ணத்துக்கு வந்த இரண்டுதான்.

அதனால்தான் எங்கள் குடிலில் ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாது. பின்னால் வாங்கிய சூசையப்பர் கழுதையைவிட இரண்டு மடங்கு உயரம். அவர் கழுதையைத் தூக்கிக்கொண்டுதான் எகிப்துக்குப் போகவேண்டும். கழுதைக்கு ஒரு காது கிடையாது. இன்னொரு காது ஃபெவிகாலில் நிற்கிறது. இடையனின் கோல் எப்போதோ உடைந்துபோய், இப்போது பிடித்திருப்பது விளக்குமாற்று ஈர்க்கு. இதை எந்தத் தீமில் சேர்ப்பீர்கள்? தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற கோயில் முன்னால் நின்று விதவிதமாகப் போட்டோ எடுக்கத் தெரிகிறது. அதே ஊரிலிருந்து தப்பி வந்த மண் பொம்மை வீட்டில் இருந்தால் மட்டும் குப்பை!

இன்னொரு கூத்து. மதுரையிலிருந்து மதினி போன் பண்ணுகிறார்: “கடலோரத்துலதானே இருக்கீங்க, குடிலுக்கு வைக்க ரெண்டு பவளப்பாறை அனுப்பி விடுங்க.” பவளப்பாறை என்ன, ரோட்டில் கிடக்கிற ஜல்லியா? அதை எடுப்பதும் வைத்திருப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குடில் ஜோடித்துவிட்டு கோர்ட்டுக்கு அலைய எங்களால் ஆகாது. வேண்டுமானால் கரையில் கிடக்கிற மணலை ஒரு பை நிறையத் தருகிறேன், பெத்லகேமுக்கு அதுவே பொருத்தம்.

நாங்கள் செய்வது ரொம்பக் குறைவு. ஒரு சவுக்குக் கிளை, மண் நிரப்பிய பழைய பெயின்ட் வாளி. பந்துக்குப் பதிலாக என் மாமனார் வலையில் கட்டியிருந்த மிதப்புக்கட்டைகள். கயிறு உரசி உரசி நடுவில் பள்ளம் விழுந்தவை. டிசம்பர் 15 வாக்கில் தாம்பாளத்தில் மண் பரப்பிக் கம்பு தூவினால், திருநாளுக்குள் விரல் உயரத்துக்குப் பச்சென்று வந்து நிற்கும், அதுதான் குடிலுக்குப் புல். குழந்தைக்குத் தொட்டில் ஒரு பனை ஓலைக் கொட்டான். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சியோவில் குடில் அமைத்தபோது வைத்தது வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும். அவரிடம் போய் ‘தீம் என்ன சாமி?’ என்று கேட்டிருப்பார்களோ? கடையில் எதுவுமே வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வாசலில் தொங்குகிற காகித நட்சத்திரம் வருஷா வருஷம் கடையில் வாங்குவதுதான்.

அப்புறம் இந்த அவசரம். டிசம்பர் ஒன்றாம் தேதியே குழந்தையைத் தொட்டிலில் வைத்துப் போட்டோ எடுத்தாயிற்று. நடுச்சாமப் பூசை முடிந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற கடைக்குட்டி கையால் வைப்பதெல்லாம் இவர்களுக்குத் தாமதம். 26ஆம் தேதியே எல்லாவற்றையும் கழற்றி மூட்டை கட்டியும் விடுகிறார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6. அவர்கள் ஒட்டகத்தில் வந்து பார்த்தால் பூட்டின வீடா?

அந்த வெள்ளை மரம் இப்போது பின்னறையில் கிடக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துப்போகலாம். அடுத்த வருஷம் உதவி செய்யத்தான் வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் நேராக அடுப்படிக்கு வாருங்கள், அதிரசம் தட்டவும் முறுக்குப் பிழியவும் ஆள் பற்றவில்லை. முன்னறைப் பக்கம் மட்டும் வராதீர்கள்.