காசு கொடுத்துப் பார்த்தவள் குறை சொல்லக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் நடந்த 'வள்ளி திருமணம்' இசை நாடகத்தைப் பற்றி ஒரு முகநூல் குழுவில் நான் எழுதிய நான்கைந்து வரிகளுக்காக எனக்கு நடந்துகொண்டிருக்கும் அர்ச்சனையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு முதலிலிருந்து விளக்க எனக்குப் பொறுமை இல்லை. யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. நாடகக் குழுவின் பெயர் வேண்டாம். 'அக்கா, தயவுசெய்து கலையைக் கொல்லாதீர்கள்' என்று கும்பிட்ட கைப் படத்தோடு எழுதிய தம்பியின் பெயரும் வேண்டாம்.

அப்படி என்ன கொலை செய்தேன்? நாரதருக்கு வசனம் சுத்தமாக வருகிறது என்று எழுதினேன். வள்ளியாக வந்த பெண்ணுக்கு முகம் பேசுகிறது என்று எழுதினேன். ஆனால் ஒரு பாட்டுகூட மேடையில் பாடப்படவில்லை, எல்லாம் முன்பே பதிவு செய்து வைத்தது, சுவரொட்டியில் 'நேரடி இசையுடன்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். இவ்வளவுதான்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். மேடைக்கு இடது பக்கம், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆர்மோனியக்காரர் எனக்கு நேர் எதிரே. அவருடைய வலது கை கட்டைகளின் மேல் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. இடது கை மடியில் கிடந்தது. பெட்டியின் துருத்தி மூடி, கொக்கி மாட்டியபடியே இருந்தது. காற்று இல்லாமல் பாடும் ஆர்மோனியத்தை நான் அன்றுதான் பார்த்தேன். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடும் இடத்தில் அந்தப் பதிவு ஒரு நொடி விக்கி, பாடிய அடிக்கே திரும்பிப் போனது. வள்ளியின் வாய் அதற்குள் அடுத்த அடிக்குப் போய்விட்டது. அந்தப் பெண் சட்டென்று கவணுக்குக் கல் பொறுக்குவதுபோலக் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டார். கெட்டிக்காரப் பெண். எனக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை. அவரை அப்படிக் குனிய வைத்தவர்கள் மேல்தான் வருத்தம்.

காசு கொடுத்து நாடகம் பார்த்தவருக்கு நன்றாக இருந்தால் நன்றாக இருந்தது என்றும், இல்லையென்றால் இல்லை என்றும் சொல்ல உரிமை உண்டு. இதில் என்ன புரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

'நம் மாவட்டத்தில் இசை நாடகம் நடப்பதே அபூர்வம், வந்தவர்களையும் விரட்டிவிடாதீர்கள்' என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், அதனால் மரியாதையாகவே பதில் சொல்கிறேன். ஐயா, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு போய், 'முகம் தெளிவாக இருக்கிறதே' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உதட்டைப் பிதுக்குகிறோமே, அப்படித்தான் நீங்கள் எல்லோரும் நாடகத்துக்குப் போகிறீர்கள். நான் அப்படிப் போகவில்லை. முந்நூறு ரூபாய் கொடுத்து, தக்கலையிலிருந்து பஸ் ஏறி, நாடகம் பார்க்கப் போனேன். பரிதாபப்பட்டுக் கைதட்டுவதுதான் கலைக்குச் செய்யும் தொண்டு என்றால் அந்தத் தொண்டு எனக்கு வேண்டாம்.

அடுத்தது செலவு. ஆர்மோனியம், மிருதங்கம், பின்பாட்டு என்று ஆட்களை மதுரைப் பக்கத்திலிருந்து அழைத்துவந்தால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். உண்மையாகவே இருக்கலாம். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு என்று எவ்வளவு ஆகும் என்பது எனக்கும் ஓரளவு தெரியும். சரி, கட்டுப்படியாகவில்லை. அப்படியானால் சுவரொட்டியில் அந்த இரண்டு வார்த்தையைப் போட்டிருக்கக் கூடாது. 'பதிவு செய்த இசையுடன்' என்று போட்டிருந்தால் வருகிறவர்கள் வந்திருப்பார்கள், நானும்கூட வந்திருப்பேன். வாசிக்காத ஆளை ஆர்மோனியத்தின் முன்னால் உட்காரவைக்க எந்தச் செலவுக் கணக்கு சொன்னது?

'காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும், கேரளத்து நாடகங்களில் எல்லாம் பதிவு செய்த பாட்டுதானே' என்று ஒருவர். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு வரும் மலையாள நாடகங்களை நானும் பார்த்து வளர்ந்தவள்தான். அங்கே கதை வசனத்தில் நடக்கிறது, பாட்டு நடுவில் வந்துபோகிறது. வள்ளி திருமணத்தில் பாட்டேதான் கதை. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடம்தானே அந்த நாடகத்தின் உயிர்? நாரதர் ஒரு கேள்வியைப் பாட்டில் தூக்கிப் போடுவார். வள்ளி அதை மடக்குவார். சபை கைதட்டினால் நாரதர் இன்னொரு அடியை இழுப்பார், ராகத்தை மாற்றிப் பார்ப்பார். ஆர்மோனியக்காரர் பின்னாலேயே ஓடுவார், சில சமயம் முன்னால் போய் வழிமறிப்பார். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றைக்கும் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை கிடையாது. இரவு மேடையில்தான் சந்திப்பு. விடிய விடியத் தர்க்கம் நடக்கும். யார் ஜெயிப்பார்கள் என்று பார்க்கத்தான் சனம் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறது. பென்டிரைவில் இருக்கும் நாரதரோடு வள்ளி எப்படித் தர்க்கம் செய்வாள்? அவர் சொல்லப்போவது முன்பே முடிவாகிவிட்டதே.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தர்க்கம் பத்து நிமிடத்தில் முடிந்தது. 'நேரம் போதவில்லை' என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியதை ஏழு மணிக்கு மேல் தொடங்கினால் நேரம் எப்படிப் போதும்? நாடகத்துக்கு முன்னால் மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. 'அழிந்துவரும் கலையைக் காப்போம்' என்று ஒவ்வொருவரும் பேசினார்கள். பேசிய கையோடு பாதிப்பேர் நாடகம் பார்க்காமலே காரில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்து பார்த்தவள்தான் கலையின் எதிரி.

வேறு எந்த நாடகமாக இருந்தாலும் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். இது வள்ளியின் கதை. வேளிமலை அடிவாரத்து முருகன் கோயிலான குமாரகோவில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். முருகன் வள்ளியை மணந்தது வேளிமலையில்தான் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். பங்குனித் திருக்கல்யாணத்தன்று குறவர் படுகளம் நடக்குமே, தங்கள் பெண்ணைக் கொண்டுபோகிறவனை மறித்துக் குறவர்கள் சண்டை போடுவார்களே, அதைச் சின்ன வயதில் என் பாட்டா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தேனும் தினைமாவும் கை நிறைய வாங்கித் தின்றுவிட்டு வந்த பிள்ளைகளிடம் வந்து 'வள்ளி திருமணம் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்கிறார்கள்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனின் ஊர் இது. நாடகக் கொட்டகையில் சோடா விற்றுக்கொண்டு நின்ற பையன், பின்னால் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து மேடையேறினார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர் பெயரைச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் யாரும் மைக்கை விடவில்லை. வாழ்நாள் முழுக்கக் கிண்டல் செய்தே பிழைத்த மனிதர் அவர். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, கிண்டலாக ஒரு வரி எழுதியதற்கு என்னை முகநூல் குழுவிலிருந்து நீக்குகிறார்கள்.

வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் படத்துக்கும் மாலை போட்டார்கள். 1922இல் மறைந்தவர், நூறு வருடம் தாண்டியும் அவர் எழுதிய பாட்டை வைத்துத்தான் எத்தனையோ குடும்பங்கள் சாப்பிடுகின்றன. அவர் நடிகராக இருந்த காலத்தில் எமன், சனீஸ்வரன் வேடங்களில் வந்து நின்றால் பார்க்கிறவர்கள் நடுங்குவார்களாம். அவருடைய வேடத்தைப் பார்த்துப் பயந்துபோன ஒரு பெண்ணுக்குக் கேடு வந்ததைக் கேட்டுத்தான் அவர் வேடம் கட்டுவதையே விட்டு ஆசிரியராக மட்டும் இருந்தார் என்று நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். பார்க்கிறவருக்கு என்ன ஆகிறது என்று அவ்வளவு கவலைப்பட்ட மனிதர். அவர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, பார்த்தவள் வாயை மூட வேண்டும் என்கிறார்கள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'இசையைப் பற்றி அம்மணிக்கு என்ன தெரியும்' என்று ஒருவர் கேட்டுவிட்டதால் சொல்கிறேன். என் அப்பா ஆர்மோனியக்காரர். பகலில் தையல் கடை, திருவிழாக் காலத்தில் ஆர்மோனியம். கோயில் கொடைக்கும் வாசிப்பார், கடற்கரை ஊர்களில் கிறிஸ்தவக் கோயில் திருவிழாவுக்கு, மதத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளையின் நாடகம் போட்டால் அதற்கும் வாசிப்பார். இரண்டுக்கும் ஒரே பெட்டி, ஒரே வேட்டி.

ஒரு கடற்கரை ஊரில் ராஜா வேடம் கட்டியவர் பாட்டின் நடுவில் திடீரென்று சுருதியை ஏற்றிவிட்டார். அப்பா கட்டை மாற்றிப் பிடிப்பதற்குள் கொஞ்சம் பிசகிவிட்டது. முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, மீன் விற்கிற குரலில், 'ஆர்மோனியக்காரரே, உறக்கமா?' என்று கேட்டாராம். கூட்டம் முழுவதும் சிரிப்பு. மேடையில் நின்ற ராஜாவும் சிரித்துவிட்டார். இதை அப்பா அவமானமாகச் சொல்லவே மாட்டார். என்னைப் பார்த்து, 'மக்களே, அந்தப் பாட்டிக்குக் காது இருந்தது பார்த்தாயா' என்பார். அடுத்த தடவை அந்த ஊருக்குப் போனபோது பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கூட்டத்தில் அவரைத்தான் தேடினாராம். நல்ல வாசிப்பு அமைந்த நாளெல்லாம் 'இன்றைக்கு அந்தப் பாட்டி கேட்டிருக்க வேண்டும்' என்பார். குறை சொன்ன ஆளை இப்படி நினைத்துக்கொண்டிருந்த கலைஞர்களும் இருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக வாசிக்கும் ஓர் ஊரிலிருந்து ஒரு வருடம் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். முன்பணம் கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அம்மா காபி போட்டார். 'இந்த வருடம் உங்களுக்குச் சிரமம் வேண்டாம், பாட்டையெல்லாம் கேசட்டில் பிடித்துவிட்டோம்' என்றார்கள். காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அப்பா அதற்குப் பிறகும் பெட்டியைத் துடைத்து வைப்பார், வாசிப்பது குறைந்துவிட்டது.

இப்போது ஒருவர் ஓடிவந்து, 'அதுதானே பார்த்தேன், சொந்த வருத்தத்தை நாடகத்தின் மேல் காட்டுகிறீர்கள்' என்பார். ஆமாம், காட்டுகிறேன். வருத்தம் இருப்பவர்கள் விமர்சனம் எழுதக் கூடாது என்று எங்காவது சட்டம் இருக்கிறதா? வருத்தமே இல்லாதவர்கள்தான் இதயப் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விட்டார்களே.

வயதான கலைஞர்கள், தொண்டை ஒத்துழைக்கவில்லை என்கிறார்கள். வள்ளிக்கு என்ன வயதாகிவிட்டது? அந்தப் பேச்சு வேண்டாம்.

தனியாகச் சொல்லியிருக்கலாமே என்கிறார்கள். டிக்கெட் விற்கும்போது ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினீர்கள், குறையை மட்டும் நான் காதோடு சொல்ல வேண்டுமா?

அதே முகநூல் குழுவில் அதே நாடகத்தைப் பற்றி ஓர் ஆண், 'ஒலி அமைப்பு சரியில்லை, பாட்டும் உதடும் பொருந்தவில்லை' என்று எழுதியிருந்தார். அவருக்கு 'ஆக்கபூர்வமான விமர்சனத்துக்கு நன்றி சார்' என்று பதில். எனக்கு, 'சமையல் குறிப்பு எழுதுங்கள் மேடம், நன்றாக வரும்.' நான் நாடகம் பார்த்துவிட்டு வடசேரி பஸ் நிலையத்தில் இரவு தனியாக நின்று பஸ் பிடித்து வந்தவள். சமையல் முடித்துவிட்டுத்தான் போயிருந்தேன், அந்தக் கவலை அவருக்கு வேண்டாம். அங்கேயே, பஸ்ஸுக்குக் காத்திருந்த இன்னும் சிலர் நாடகம் பார்த்தவர்கள்தான். எல்லோரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். 'பாட்டு எல்லாம் ரேடியோவில் கேட்டமாதிரி இருந்தது' என்று ஒரு பெரியம்மா சொன்னார். அவர்களில் முகநூலில் இருக்கும் இரண்டு பேர் என் பதிவின் கீழ் 'அருமையான முயற்சி, வாழ்த்துகள்' என்று நாடகக் குழுவை வாழ்த்தி எழுதியிருக்கிறார்கள். நிலையத்தில் வாய் இருந்தது, இங்கே வந்ததும் இல்லை. எனக்கு நாடகக் குழுவின் மேல் இருக்கும் கோபத்தைவிட இவர்கள் மேல்தான் இப்போது கோபம் அதிகமாக இருக்கிறது.

பதிவை நீக்கச் சொல்லி இன்று காலையும் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அமைப்பாளர்களுக்கு வேண்டியவராம். 'நல்ல மனசு உள்ளவர்கள், மனசு புண்பட்டிருக்கிறார்கள்' என்றார். எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். நீக்கமாட்டேன், வேண்டுமானால் முந்நூறு ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், யோசிக்கிறேன் என்றேன். 'கலையைப் போய்க் காசால் அளக்கிறீர்களே' என்று குரலை உயர்த்தினார். டிக்கெட் கிழித்தபோது அளந்தது யார் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.