சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: கூட வர ஆள் கொடுங்கள்

ஜூலை வந்தால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று நம் பக்கத்து லயன்ஸ், ரோட்டரி சங்கங்களில் புது நிர்வாகிகள் பதவியேற்பார்கள். வருஷத்துக்கான பட்டியலும் அப்போதுதான் போடுவார்கள். கண் முகாம், ரத்த தானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, மரக்கன்று. நானும் ஒரு சங்கத்து உறுப்பினர்தான். இவை அத்தனையும் தேவையான காரியங்கள், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குச் செட்டிநாட்டுக்கு முதலில் வேண்டியது இந்தப் பட்டியலில் வருவதே இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கூட இருந்து, வீடு வரை கொண்டுவந்து விட ஆள் வேண்டும்.

கண் முகாமையே எடுத்துக்கொள்வோம். 1925-ல், கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் லயன்ஸ் மாநாட்டுக்கு வந்து, பார்வை இல்லாதவர்களுக்குத் துணையாக நில்லுங்கள் என்று கேட்டார். அன்று முதல் கண் சேவை அவர்களுடைய முக்கிய வேலையாகிவிட்டது. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இப்படிப்பட்ட உள்ளூர்ச் சங்கங்களைச் சேர்த்துக்கொண்டுதான் ஊர் ஊராக வந்தது. இடம், விளம்பரம், மற்ற ஏற்பாடுகள் சங்கத்துடையவை. சோதனையும் ஆபரேஷனும் ஆஸ்பத்திரி பொறுப்பு. புரை முற்றியவர்களை முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டிப்போய், லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஏழைகளிடம் காசே வாங்குவதில்லை. இவ்வளவு அருமையான ஏற்பாடு வேறு எதற்கும் இல்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

இருந்தும் ஒவ்வொரு முகாமிலும் சிலர் சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "வீட்டைப் பூட்டிப்போட்டு எப்படித் தம்பி வர்றது?" "ஆட்டை யாருகிட்ட விடுறது?" "கூட யாரு வருவா?" பயம்கூட அப்புறம்தான். கூட ஒருத்தர் வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகுதான் பெரிய சிரமம். பள்ளத்தூர்ப் பக்கம் ஓர் ஆச்சி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. அதில் அவர் ஒருவர் மட்டும். மகன் சிங்கப்பூரில். தினமும் கூப்பிட்டுப் பேசுகிற நல்ல பிள்ளை. சொட்டு மருந்து முதல் வாரம் ஒரு நாளைக்குப் பல வேளை, பிறகு வாரா வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆச்சிக்குக் கை நடுக்கம். பாட்டிலைத் தூக்கிப் பிடித்தால் மருந்து கன்னத்தில் வழிகிறது, விழுந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை. தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது என்று சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. எந்த பாட்டில் எத்தனை வேளை என்பதுதான் குழம்பிப்போகிறது. எங்கள் சங்கத்துத் தங்கச்சி ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் இறங்கிப் போட்டுவிட்டு வந்தார். "ஆச்சி, மேல உத்தரத்தப் பாருங்க." "விழுந்துச்சா ஆத்தா?" "விழுந்துருச்சு ஆச்சி, மூடிக்கங்க." இரண்டு நிமிஷ வேலை. அதற்குச் சங்கத்தில் திட்டமும் இல்லை, ஆள் பட்டியலும் இல்லை. அந்தத் தங்கச்சிக்கு மனசு இருந்ததால் நடந்தது.

இது நகரத்தார் (செட்டியார்) வீட்டுச் சங்கதி மட்டும் இல்லை. மகன் துபாயிலோ திருப்பூரிலோ இருக்க, ஓட்டு வீட்டில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற அப்பத்தாக்கள் சுற்றுப்பட்டி முழுக்க இருக்கிறார்கள்.

பணம் கொடுப்பதில் நம் மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருணி, கோயில் திருப்பணி, பள்ளிக்கூடம் எல்லாம் அப்படி வந்தவை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் 1948-ல் நேரு வந்து காரைக்குடியில் சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு, அடிக்கல் நாட்டினார். ஆனால் காசியில் நகரத்தார் சத்திரத்துக்காரர்கள் செய்வதையும் நினைத்துப் பாருங்கள். விசுவநாதருக்கான பூஜைப் பொருளைச் சுமந்துகொண்டு "சம்போ சம்போ" என்று தினந்தோறும் கோயிலுக்கு நடக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. கட்டளைக்குப் பணம் எழுதி வைத்தவர்கள் பெரியவர்கள்தான். மழையிலும் குளிரிலும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களும் பெரியவர்கள்தான். சங்கத்தில் நமக்குக் குறைவது இந்த இரண்டாவது கூட்டம்.

தலைவர் பதவி ஒரு வருஷம் என்பதும் ஒரு காரணம். புதுத் தலைவர் புதுத் திட்டம் தொடங்கவே விரும்புவார், அது இயல்பு. எனவே இதை யாருடைய திட்டமாகவும் வைக்காமல் நிரந்தரக் குழுவாக வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு காலை தர முடிந்தவர்கள் பெயர், கார் உள்ளவர்கள் பெயர், தெருவாரியாகத் தனித்திருக்கும் பெரியவர்கள் பெயர். கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதில் ஒரு பங்கை இதற்குக் கேட்டு வாங்கி, பிள்ளைகளைச் சங்கத்து உறுப்பினர் ஒருவரோடு சேர்த்து அனுப்பலாம். ஓ.பி. சீட்டு வாங்கி, ரத்தப் பரிசோதனை வரிசையில் நின்று, டாக்டர் சொன்னதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுக்க அந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே வரும்.

தனியாக இருக்கிற வீட்டுக்குள் ஊரான் ஆளை எப்படி விடுவது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. யாரும் தனியே போகக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும், பெண்கள் இருக்கும் வீடென்றால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளைகளிடம் போனில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பணம், சாவி, பாஸ்புக் எதையும் தொடக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் அந்த ஆளைக் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டும். தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

வரும் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்கப்போகிறேன். செவ்வாய்க்கிழமை காலைகள் என்னால் தர முடியும். உங்கள் தெருவில் இப்படித் துணை வேண்டியவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கமெண்டில் பெயர், விலாசம் எதையும் போட வேண்டாம், தனியாக இருக்கிறார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.