ஊட்டிக் குளிரை நம்பி மோப்ப நாயை வண்டியில் விடாதீர்கள்

காவல் துறை மோப்ப நாய்களுக்கு ஆபத்து என்றாலே வெடிகுண்டும் குற்றவாளியின் கத்தியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நீலகிரியில் அவற்றைவிட அதிகம் அஞ்ச வேண்டியது வெப்பத்துக்கு என்று சொன்னால், ‘ஊட்டியில் ஏது வெப்பம்?’ என்று சிலர் சிரிக்கக்கூடும். அந்த அலட்சியத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நாய்க்குப் பாதங்களில் சிறிதளவு வியர்ப்பதைத் தவிர, நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள இருக்கும் முக்கியமான வழி. சுற்றியுள்ள காற்றே சூடாகிவிட்டால் அதனாலும் பயனில்லை. வெளியே 22 டிகிரி மட்டுமே இருக்கும் வெயில் நாளில்கூட, கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். மே மாத மலர்க் கண்காட்சிக்காகத் தாவரவியல் பூங்காவைச் சோதித்துவிட்டு, அடுத்த அழைப்பு வரும்வரை வண்டியில் காத்திருக்கும் லாப்ரடாருக்கு இது பொருந்தாதா?

மலையிலிருந்து கீழே இறங்குவது இன்னும் கடினம். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் பழகிய நாயைப் பந்தோபஸ்துக்காக மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ அழைத்துச் சென்றால், சில மணி நேரத்தில் அது வேறொரு பருவநிலைக்குள் நிற்கிறது. அந்த வெயிலுக்கு அதன் உடல் பழகவோ பல நாட்கள், சில வேளைகளில் வாரங்கள், தேவைப்படும். நன்கு பயிற்சி பெற்ற நாய் களைத்தாலும் தானாக நிற்பதில்லை என்பது இதிலுள்ள பெரிய சிக்கல். உடல் வெப்பம் 41 டிகிரியைக் கடந்தால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். அதற்கு வெகுமுன்பே, இரைக்கும் நாயால் சரிவர மோப்பம் பிடிக்க முடியாது என்பதால், சோதனையை நம்பிக் கூட்டத்தில் நிற்கும் நமக்கும் இது ஆபத்துதான். வெப்பத்தால் தளர்ந்த நாயின் உடல் முழுவதும் நீரூற்றிக் காற்றுப்படச் செய்து, சூட்டைத் தணித்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வண்டியைத் தேடி அலைவதில் கழியும் நிமிடங்கள் உயிரையே பறிக்கலாம்.

மற்ற ஆபத்துகளும் உண்டு. தேயிலைத் தோட்டப் புதர்களில் ஏறும் உண்ணியால் காய்ச்சலும் இரத்தச்சோகையும் வரும். காட்டோரங்களில் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும், தீனிக்குள் மறைத்துவைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயும் தடம் பார்த்து ஓடும் நாயை அடையாளம் கண்டு விலகுவதில்லை. வீட்டு நாய்களைக் கவ்விச் செல்லும் சிறுத்தைகள் உலவும் மாவட்டத்தில், நாய்க் கொட்டிலுக்கு மேற்புறமும் கம்பிவலை வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வண்டியில் குளிர்சாதனமும் வெப்பம் ஏறினால் ஒலிக்கும் கருவியும் அவசியம். ஆனால், அவற்றை மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதாது. நாயின் பயிற்றுநர் பெரும்பாலும் கீழ்நிலைக் காவலராகவே இருக்கிறார். ‘இதற்கு மேல் நாயால் முடியாது, ஐயா’ என்று அவர் உயரதிகாரியிடம் சொல்வது நம் காவல் துறையில் எளிதன்று. ஓய்வு குறித்துப் பயிற்றுநரின் சொல்லே இறுதியானது என்று எழுத்துப்பூர்வமான உத்தரவு வேண்டும். அடுத்த கோடை சீசனுக்கு முன்பே மாவட்டக் காவல் நிர்வாகம் அதைப் பிறப்பிக்கலாம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.