கண்ணாடியைக் காட்டினால் தீர்ந்துவிடுமா?

நேற்று என் பதிவின் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச்சில் கேரளத்தில், குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் உணவைக் குறைத்துக் குறைத்தே இறந்துபோன அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். ஒருவர் வந்து, "ஒரு நல்ல கண்ணாடி வாங்கிக் குடுத்திருந்தா பொண்ணு பொழைச்சிருக்கும்" என்று எழுதினார். அதற்கு அத்தனை சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அது அனோரெக்ஸியா நெர்வோசா என்ற மனநோய். அது உள்ளவர்களில் பலர் திரும்பத் திரும்பக் கண்ணாடி முன்னால்தான் நிற்கிறார்கள். வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பார்கள், மணிக்கட்டை விரல்களால் வளைத்து அளப்பார்கள். பார்த்த பிறகும் அங்கே ஒரு பருத்த உடம்பு இருப்பதாக உறுதியாக நம்புவதுதான் இந்த நோய். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நடிக்கவில்லை. இதை மட்டும் புரிந்துகொண்டால் போதும், மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

என் அக்கா மகளுக்கு இது வந்தது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எடை எவ்வளவு இருந்தது, எப்படிக் குறைத்தாள் என்று எழுத மாட்டேன். இந்த நோயில் இருப்பவர்கள் அந்த எண்களைத் தேடிப் படித்து, தங்களோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

அக்கா வீட்டில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. நான் நேராக நடந்து போகிற இடம். அவள் மட்டும் ஒருக்களித்துத்தான் போவாள். "ஏண்டி இப்படிப் போற?" என்று கேட்டால் "இடிக்கும்ல சித்தி" என்பாள். அவள் அப்பா, என் மாமா, அதைப் பார்த்து, நடிக்கிறாள் என்று கத்துவார். பல வருஷம் கழித்து ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. 2013ல் நெதர்லாந்தில், உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது. இந்த நோய் உள்ள பெண்களையும் இல்லாத பெண்களையும் வெவ்வேறு அகலமுள்ள திறப்புகள் வழியாக நடக்கவிட்டார்கள். எதைக் கவனிக்கிறோம் என்று சொல்லவில்லை. நோய் இல்லாதவர்கள், திறப்பு தங்கள் தோளைவிட 25 சதவீதம் அகலம் என்ற அளவுக்குக் குறுகியபோதுதான் தோளைத் திருப்பினார்கள். நோய் உள்ளவர்கள் 40 சதவீதம் அகலமாக இருக்கும்போதே திருப்பிவிட்டார்கள். யோசித்துச் செய்வதல்ல அது, கால் நடக்கும்போது தோள் தானாகத் திரும்புகிறது. மூளை வைத்திருக்கிற உடம்பின் அளவே தப்பு. அதைக் கண்ணாடி எப்படித் திருத்தும்?

இன்னொன்று சொல்கிறேன். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இதே நோயோடு ஒரு பெண் இருந்தாள். எங்கள் பிள்ளை என் காதருகே வந்து, "பாவம் சித்தி, எலும்பும் தோலுமா இருக்கா, பாக்கவே பயமா இருக்கு" என்றாள். அந்தப் பெண்ணைவிட இவள்தான் மெலிந்திருந்தாள். அடுத்தவர் உடம்பு சரியாகத் தெரிகிறது, தன் உடம்பு மட்டும் தெரியவில்லை.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கேட்பவர்களுக்கு: 1873லேயே லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்ல்ஸ் லாசேக் என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக இந்த நோயை விவரித்துவிட்டார்கள். 1689லேயே ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், தோல் போர்த்திய எலும்புக்கூடு போல இருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். தன் உடம்பை உணர்வதிலேயே கோளாறு இருக்கிறது என்று 1962ல் ஹில்டே ப்ரூக் என்ற மனநல மருத்துவர் எழுதினார். அப்போது இன்ஸ்டாகிராம் ஏது?

"அப்ப சினிமா, விளம்பரம் எதுவுமே காரணம் இல்லையா?" உண்டு. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே விளம்பரத்தைப் பார்க்கிற ஆயிரம் பிள்ளைகளில் ஏன் ஒன்றிரண்டு மட்டும் இதில் விழுகிறது? 2019ல் வெளிவந்த, ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த ஆய்வு, இதில் மனநலத்தோடு உடலின் வளர்சிதை மாற்றத்துக்கும், அதாவது உணவை உடம்பு சக்தியாக்கும் விதத்துக்கும், பங்கு இருக்கலாம் என்றது. பெண்ணின் ஆடம்பரப் புத்தி என்று அதில் எங்கும் இல்லை.

"பணக்கார வீட்டு வியாதி" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். என் மாமா லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். அப்படி எழுதியவருக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

ஒரு தோழி கேட்டது மட்டும் நியாயமான கேள்வி. அவர் ஊர்ப் பெண் ஒருத்தி குண்டாக இருக்கிறேன் என்று சொன்னதே இல்லையாம், வயிறு நிறைந்திருக்கிறது என்றுதான் சொன்னாளாம். அதுவும் உண்டு. 1995ல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அப்படி ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஹாங்காங்கிலும் பார்த்திருக்கிறார்கள். அங்கே கண்ணாடிக்கு வேலையே இல்லை.

"சாப்பாட்டைப் பத்தியே பேசுறா, எல்லாருக்கும் விதவிதமா சமைக்கிறா, அப்புறம் என்ன நோய்?" இதை என் சொந்தக்காரர்களே கேட்டார்கள். 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பலர் சாப்பாட்டு நினைப்பிலேயே கிடந்தார்கள், சமையல் புத்தகங்களைப் படித்தார்கள், வாடினார்கள், எரிந்து விழுந்தார்கள். பட்டினியே மனதை இப்படி ஆக்கும். அதனால்தான் விவாதம் செய்து ஜெயிக்க முடியாது. முதலில் உணவு உள்ளே போக வேண்டும், மனம் அதற்குப் பிறகுதான் மெல்ல வரும். உடம்பு தேறிய பிறகும், குண்டாக இருக்கிறோம் என்ற எண்ணம் பலருக்குக் கடைசியில்தான் போகும்.

இதெல்லாம் இருக்கட்டும். அவள் முதலில் மெலிந்தபோது ஒரு கல்யாண மண்டபத்தில் அத்தனை அத்தைமாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு "இப்பதான்டி லட்சணமா இருக்க" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அதே வாய்கள்தான் அப்புறம் "பிசாசு மாதிரி ஆயிட்டா" என்றன. தேறி வந்ததும் "கன்னமெல்லாம் வந்துடுச்சு" என்றன. அன்று ராத்திரி அவள் தட்டைத் தொடவில்லை. ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லாமல் உங்களால் பந்தியில் உட்கார முடியாதா? ஒரு டாக்டர் பசிக்கு டானிக் எழுதிக் கொடுத்து, "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்றார். மாதவிடாய் நின்று, நாடித்துடிப்பு குறைந்து, எழுந்து நின்றால் மயங்கி விழுகிற பெண்ணுக்குக் கல்யாணம்! அந்த வாக்கியத்துக்கும் நேற்று வந்த கண்ணாடி வாக்கியத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"விளையாட்டுக்குச் சொன்னதுக்கு இவ்வளவு கோபமா?" என்பீர்கள். ஆமாம், கோபம்தான். மனநோய்களிலேயே இறப்பு விகிதம் மிக அதிகமாக உள்ளவற்றில் இது ஒன்று. இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். அந்தச் சிரிப்புகளை என் அக்கா மகளும் பார்த்தாள். "அவங்க சொல்றது சரிதான சித்தி, நான்தான் லூசு மாதிரி இருந்தேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். இத்தனை வருஷம் நாங்கள் கட்டி எழுப்பியதை ஒரே ராத்திரியில் ஆட்டிவிட்டீர்கள்.

உள்பெட்டியில் மகளைப் பற்றி எழுதிய அம்மாவுக்கு: நீ ஒல்லியா, குண்டா என்ற வாதத்தை இன்றோடு நிறுத்துங்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதோடு ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுங்கள். ரொம்ப நாள் சாப்பிடாத உடம்புக்கு ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள், ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பின் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் அளவில்தான் கூட்ட வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் காத்திருக்காமல் இன்றைக்கே போங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசு சேவை, எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள், அப்பாவையும் உட்காரச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் எனக்கு எழுதுங்கள், நான் விழித்துத்தான் இருப்பேன்.