மணித்தியாலம் சொல்லாத சம்பளக் கணக்கு

வேலையின்மை வீதம் வெளிவந்த கையோடு இரண்டு விதமான பதிவுகள் சுற்றத் தொடங்கும். "பாருங்க, குறைஞ்சிட்டு" என்று ஒன்று, "எல்லாம் பொய்க்கணக்கு" என்று இன்னொன்று. கணக்கு பொய்யில்லை. அது எதை எண்ணுகிறது என்பதைத்தான் இரண்டு தரப்பும் பார்ப்பதில்லை.

இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டில், கேட்கப்படும் வாரத்தில் ஒரேயொரு மணித்தியாலம் உழைத்திருந்தாலும் அவர் 'வேலையில் உள்ளவர்'. சம்மாந்துறை வட்டையில் (வயல்வெளியில்) வேளாண்மை வெட்டு நேரம் புருசனுக்குச் சோறு கொண்டுபோய், அப்படியே நெல்லையும் காயவைத்துக் கொடுக்கும் பெண் சம்பளமில்லாக் குடும்ப உழைப்பாளி. அவரும் வேலையில் உள்ளவர்தான். வெட்டு முடிந்து, வேலை தேடுவதையும் விட்டுவிட்டு வீட்டில் இருந்தாரென்றால் 'வேலையற்றவர்' பட்டியலுக்கு வரமாட்டார், தொழிற்படைக்கே, அதாவது வேலையில் உள்ளவரும் வேலையற்றவரும் சேர்ந்த தொகைக்கே, வெளியே போய்விடுவார். வேலையற்றவர் என்று எழுதப்பட வேண்டுமானால் கடந்த நான்கு வாரத்துக்குள் வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் போகவும் தயாராய் இருக்க வேண்டும். அறுவடை இயந்திரம் ஒரு வட்டைக்குள் இறங்கியதும் எத்தனை பேரின் நாட்கூலி போகிறது என்பதை இந்த வீதத்தில் தேடினால் கிடைக்காது. உழைத்த மணித்தியால அட்டவணையில்தான் அது தெரியும். அந்தப் பக்கத்தை யாரும் பகிர்வதில்லை.

சம்பளமும் அப்படித்தான். 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். கல்முனையில் ஒரு புடவைக்கடை, காலை 9 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, கிழமைக்கு ஆறு நாள் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் நாளுக்கு 10, கிழமைக்கு 60. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் கிழமைக்கு 45. மீதி 15-உம் ஓவர்டைம். அதிலும் சட்டம் விடுவது கிழமைக்கு 12 மட்டும்தான், அது வேறு கதை.

ஓவர்டைம் கணக்குக்கு மாதச் சம்பளத்தை 240-ஆல் பிரிப்பார்கள்: மணிக்கு 125 ரூபாய், ஓவர்டைமுக்கு அதன் ஒன்றரை மடங்கு 187.50. கிழமைக்கு 15 என்றால் மாதத்துக்குச் சராசரி 65 மணித்தியாலம். 65-ஐ 187.50-ஆல் பெருக்குங்கள்: 12,187 ரூபாய் 50 சதம். இது கொடுபடாத கடையில், சம்பளச் சீட்டைப் பார்த்தால் சட்டத்துக்குக் குறையில்லாத 30,000. உண்மையில் 260 மணித்தியாலத்துக்கு 30,000, அதாவது மணிக்கு 115 ரூபாய் சொச்சம். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) தொழிலாளியின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சரியாகக் கட்டினாலும் இந்த ஓட்டை அடைபடாது. மருதமுனை நெசவில் கணக்கு இன்னும் வழுக்கும். சாரிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது பாவு ஓட்டுவதும் நூல் சுற்றுவதும் யாருடைய நேரம்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது, எழுதப்படாதது.

சராசரி வருமானத்தைத் தூக்கிப்பிடிப்பவர்களுக்கு ஒன்று. 2019 வீட்டு வருமானக் கணக்கெடுப்பில் இலங்கைக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய், இடைநிலை 53,333. பாதிக் குடும்பங்கள் இந்த இரண்டாவது எண்ணுக்குக் கீழே. இது 2022 நெருக்கடிக்கு முந்திய ரூபாய் என்பதையும் மறக்க வேண்டாம்.

சனத்தொகைக்கு வந்தால், மட்டக்களப்பு வளர்ச்சிக்கோடு போடுகிறவர்கள் கவனம். 1981-க்குப் பிறகு மட்டக்களப்பில் அடுத்த முழுமையான தொகைமதிப்பு 2012-இல்தான் நடந்தது. 2001-இல் அம்பாறை முழுதாக எண்ணப்பட்டது, மட்டக்களப்பு முழுதாக எண்ணப்படவில்லை. 1981-இல் சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரம், 2012-இல் 5 இலட்சத்து 26 ஆயிரம், ஆண்டுக்கு 1.5 வீத வளர்ச்சி என்று கணக்கு வரும். ஆனால் நடுவில் யுத்தம், இடப்பெயர்வு, 2004 சுனாமி. எந்த ஓராண்டிலும் அந்த 1.5 உண்மையாக இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிறப்பு வீதத்தில் இன்னொரு சிக்கல்: பிறப்பு பதியப்படுவது பிறந்த இடத்தில். அம்பாறை மாவட்டத்துத் தாய் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பெற்றால் பதிவு மட்டக்களப்பில் விழும். தாயின் வதிவிடப்படி பிரிக்காத எண்ணை வைத்து "அவங்க கூடுறாங்க, இவங்க குறையிறாங்க" என்று சண்டைபிடிப்பது எவ்வளவு வெட்டி வேலை!

அளவீட்டுக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்து போன கிழமை எத்தனை மணித்தியாலம் வேலை என்று கேட்டால், "வழமைபோலதான்" என்று அனுப்பிவிடாதீர்கள். திங்கள் முதல் ஒவ்வொரு நாளாகச் சொல்லுங்கள். தோணி வலித்தது, வலை பொத்தியது, பக்கத்துக் கடையில் இரண்டு மணித்தியாலம் நின்றது, எல்லாமே.